கதவைச் சாத்தியது யார், இசக்கி அக்கா?

என் இசக்கி அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். சமையலறையில் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடுகிறது. பயமாக இருக்கிறது அக்கா. நீ இருந்திருந்தால் "எதுக்குட்டி பயம்?" என்று கேட்டிருப்பாய். எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் உன் அம்மா வருகிறார். ஊரில் உனக்குக் காரியம் முடிந்துவிட்டதாம். உன் சாமான்களை எடுத்துப் போகவும், என்ன நடந்தது என்று கேட்டுப் போகவும் தனியாகவே பஸ் ஏறியிருக்கிறார். அவர் வருவதற்குள் நான் ஒரு பேப்பர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று, உங்களை எங்கள் மாடியில் தங்க வைத்துக் கம்பெனிக்கு அனுப்பும் காண்ட்ராக்டர் பாஸ்கர் அண்ணன் சொல்லியிருக்கிறார். உன் ரூம் பெண்கள் அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போடுவார்களாம். உனக்குக் காய்ச்சல் இருந்தது யாருக்குமே தெரியாது என்று அதில் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரியும் அக்கா. நீ லீவு கேட்டுப் போன் பண்ணியபோது நான் மாடிப்படியில் உன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் சொல்வதில் பாதி உனக்கே தெரிந்தது. ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால் பயம் கொஞ்சம் குறைகிறது.

முதலில் மாடிச் செய்தி. உன் கட்டிலுக்கு இரண்டாம் நாளே ஆள் வந்துவிட்டது. அருப்புக்கோட்டைப் பெண். பேர் முத்துலட்சுமி. உன் கட்டில் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. உன் நீல வாளியை அவள் எடுத்துக் குளித்துவிட்டாள் என்று மேலே ஒரு சண்டை. அவள் அழுதுகொண்டே கீழே வந்து என் அம்மாவிடம், "வாளில பேரு எழுதலயேங்க" என்றாள். அம்மா எங்கள் வாளியைக் கொடுத்தனுப்பினாள். நம் அம்சா புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அதை உன் சாமான்களோடு வைக்கவில்லை. வைக்க வேண்டுமா?

அந்தப் பெரிய நாவலுக்குப் பேர் இருந்தும் நமக்கு அது அம்சா புத்தகம்தான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் நீ வாங்கியது. நீ படித்தது பி.எஸ்ஸி. வேதியியல். இலக்கணம் என்றால் உனக்கு ஆகாது. எனக்கு அதுதான் பிடிக்கும். உனக்கு வார லீவு வரும் நாளில் மொட்டைமாடியில் துணி காயும் நிழலில் உட்கார்ந்து நீ சத்தமாகப் படிப்பாய். நான் நடுவில் நிறுத்துவேன்.

"இருக்கா. அந்த வாக்கியத்த இன்னொரு தபா படி."

"தொடங்கிட்டா. கதையப் படிக்க விடுதியாட்டி? அம்சா கெணத்தடியில நிக்கா. தண்ணி கெடைக்குமான்னு நான் தவிச்சுட்டுக் கெடக்கேன். உனக்கு எழுவாயா முக்கியம்?"

"எழுவா எங்க கீதுன்னு பாத்தாத்தான் தண்ணி கெடைக்குமான்னு தெரியும்."

"கீதாம் கீது. இருக்குங்குற ஒரு சொல்ல இப்படியா கடிச்சுத் துப்புவீங்க உங்க ஊர்ல?"

நான் மட்டும் விடுவேனா? "நீ மட்டும் இன்னாவாம், சொல்லுதேன், பாக்கேன்னு பாட்டு பாடிகினு கீற" என்பேன். அப்புறம் மறுபடி படிப்பாய்.

நாம் சண்டை போட்டது அந்த வறட்சி அத்தியாயத்துக்குத்தான். மழை பொய்த்த வருஷம். புகுந்த வீட்டில் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. குழந்தையில்லாத மருமகள் அம்சா ஒரு விடியற்காலையில் அந்த வீட்டை விட்டுப் போகிறாள். அதற்குமுன் எல்லா அத்தியாயங்களிலும் அந்த வீட்டில் யார் என்ன செய்தாலும் பேர் இருக்கும். மாமியார் மோர் கடைந்தாள். கொழுந்தன் ஏர் பூட்டினான். சின்ன நாத்தனார் சிரித்தாள். இந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் பேர்களே இல்லை. கதவு சாத்தப்பட்டது. குடத்துத் தண்ணீர் அளந்து ஊற்றப்பட்டது. இரண்டு நாளாக இலை போடப்படவில்லை. எல்லாம் செயப்பாட்டு வினை. செய்தவர் யாருமில்லை. கடைசியில்தான் பேர் வருகிறது. அம்சா புறப்பட்டாள்.

நீ புத்தகத்தை மடியில் கவிழ்த்துப் போட்டாய். எனக்கு இன்றும் அந்த முகம் தெரிகிறது.

"ஏட்டி, எங்க கம்பெனி லைன்ல ஒரு சின்ன ஸ்க்ரூ சரியா இறங்கலன்னா யாரு கையில தப்புன்னு உடனே தெரிஞ்சிரும். ஒவ்வொரு பீஸுக்கும் ஆள் நம்பர் உண்டு. இங்கன ஒரு பொம்பளைய வீட்ட விட்டே வெளிய தள்ளியிருக்காங்க. கதவச் சாத்துனவன் பேரு எங்க? போனவ பேரு மட்டும் கொட்டை எழுத்துல கெடக்கு."

எழுதியவர் அந்தக் குடும்பத்துக்குப் பயந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்றாய். நான் இல்லை என்றேன். யார் என்று நம்மைத் தேட வைக்கத்தான் பேர்களை எடுத்துவிட்டார், இத்தனை நாள் பேர் சொன்னவர் திடீரென்று சொல்லாவிட்டால் படிக்கிறவர்கள் தேடாமல் இருப்பார்களா என்றேன். "தேடி? கண்டுபிடிச்சியா?" என்று கேட்டாய். நான் கண்டுபிடிக்கவில்லை. "அப்பம் வாய மூடு" என்று சொல்லி என் பின்னலை இழுத்தாய். அன்றைக்கு அதோடு போயிற்று.

இப்போது அந்தச் சனிக்கிழமை. எனக்கு ஸ்கூல் லீவு. நீ இரண்டு மூன்று நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை. மாடிப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். கையைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. மத்தியான ஷிஃப்டுக்குப் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. பாஸ்கர் அண்ணனுக்குப் போன் போட்டாய். போனைக் காதில் வைத்துப் பிடிக்கக்கூடக் கையில் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டுப் படியில் வைத்தாய். அதனால்தான் எனக்கும் கேட்டது.

"அண்ணே, ரொம்ப முடியலண்ணே. காய்ச்சல் அனலா அடிக்கி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு வேணும்."

"லீவு எட்துக்கோ. யாரு வேணான்னா? ஆள் குட்துட்டு எட்துக்கோ."

"ரூம்ல ஆளு இல்லண்ணே. எல்லாரும் ஷிஃப்ட்ல இருக்காங்க. ஜெனி மட்டும்தான் இருக்கா. அவ இப்பத்தாம் ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்து படுத்திருக்கா."

"அப்போ ஜெனிய அனுப்பு. இல்லாட்டி நீ வா. லைன் நிக்கக் கூடாது, அவ்ளோதான்."

போன் வைத்துவிட்டார். நீ சிரித்தாய் அக்கா. ஏன் சிரித்தாய் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆள் கொடுப்பது என்பது எங்கள் வீட்டில் மோட்டர் போடுவது மாதிரி சாதாரணப் பேச்சாக ஆகியிருந்தது. லீவு வேண்டுமென்றால் தன் இடத்தில் நிற்க இன்னொருத்தியைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும். ரூமுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் போகிறவள் தன் ஷிஃப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவாள். எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. "உனக்கு நான் குடுத்தேன், எனக்கு நீ குடு" என்று நீங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, இது ஏதோ சிநேகம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ மேலே போய் ரூம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாய்.

"இன்னாக்கா, எழுப்பினியா?"

"தூங்குதாட்டி. எழுப்ப மனசு வரல."

"நான் போயி எழுப்பட்டா?"

"சும்மா இரு. அவளும் மனுசிதான?"

போகாதக்கா என்று சொன்னேன். மாத்திரை போட்டிருக்கேன், ரெண்டு மணி நேரத்துல எறங்கிரும் என்றாய். தெருமுனைக்குப் போய்ப் பஸ் ஏறினாய். லைனில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். உனக்கு மறுநாள் விடியவில்லை.

உன் தம்பி வந்து உன்னைக் கொண்டுபோனான். எங்கள் தெருவுக்கு வண்டி வரவேயில்லை. நாங்கள் யாரும் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று பாஸ்கர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ கொடுத்தாள். கையில் வெள்ளைத் தாள்கள் வைத்திருந்தார். ரூம் பெண்கள் எழுதினால் எழுத்துப் பிழை வரும், பாப்பாதான் தமிழில் புலி என்று கேள்விப்பட்டேன் என்றார். ஆபீசில் டைப் பண்ணினால் சரிவராது, கையால் எழுதியிருந்தால்தான் அந்த அம்மாவுக்கும் மனசு ஆறும் என்றார். பிறகு அவரே வாக்கியத்தைச் சொன்னார்.

"இசக்கியம்மாள் தமக்குக் காய்ச்சல் இருப்பதை எவரிடமும் தெரிவிக்காமல், மருத்துவமனைக்கும் செல்லாமல், தமது சொந்த விருப்பத்தின் பேரில் பணிக்கு வந்தார்."

வந்தார் என்றார் அக்கா. உன்னை ஒரு நாளாவது அவர் வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாரா? ஏய் இசக்கி, வா, நில்லு, ஓவர்டைம் பாரு. உயிரோடு இருந்தவரை கொடுக்காத ஆர் விகுதியை இப்போது கொடுக்கிறார்.

அந்த வாக்கியத்தை நான் இன்னும் எழுதவில்லை. ஆனால் மனசுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தமிழில் எத்தனை வினையை வேண்டுமானாலும் எச்சமாக்கி வரிசையாக நிற்க வைக்கலாம். தெரிவிக்காமல். செல்லாமல். கடைசியில் ஒரே ஒரு வினைமுற்று. அத்தனை பாரமும் ஒரே எழுவாயின் தலையில் போய் இறங்கும். இங்கே எழுவாய் நீ மட்டும்தான். உன்னைத் தவிர அந்த வாக்கியத்தில் வேறு மனிதரே கிடையாது. போனை எடுத்தவர் இல்லை. ஆள் குடு என்றவர் இல்லை.

தெரிவிக்காமல் என்பது பொய். அது சுலபம். பொய் என்று சொல்லிவிடலாம். பணிக்கு வந்தார் என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை. நீ உன் காலால்தான் நடந்து போய்ப் பஸ் ஏறினாய். உன்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு சின்ன உண்மையை எடுத்து நடுவில் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளுமா?

நான் பேனாவை எடுக்காததைப் பார்த்து அவர் கேட்டார். "ட்வெல்த்தா பாப்பா?"

"ஆமாண்ணா."

"ஸ்கூலுக்கு ஒரகடம் சிக்னல்ல எறங்கித்தான நடந்து போற? நான் பாத்துக்கீறேன். பாத்துப் போமா. லாரிக்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வரானுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. இன்று காலை சிக்னலில் இறங்கி ரோட்டைக் கடக்க முடியவில்லை அக்கா. பச்சை விழுந்து, சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுந்தும் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு ஒரு ஹெல்மெட் போட்ட அண்ணன், வடநாட்டுப் பையன், கையைக் காட்டி லாரியை நிறுத்தி என்னை அனுப்பினான்.

நேற்று அவர் போன பிறகு அப்பா என்னிடம் வந்தார். என் அப்பா கெட்டவர் இல்லை. உனக்கே தெரியும். நீங்கள் லேட்டாக வரும் நாட்களில் தன் ஷேர் ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்தி வைத்துக் காத்திருப்பவர்.

"எழ்தி குட்துடும்மா. மாடி முழுக்க அவன் ஆளுங்க. நாளைக்கே எல்லாரையும் கூட்டிகினு பென்னலூர் பக்கம் போய்ட்டான்னா ரெண்டு ஃப்ளோரும் காலியா கெடக்கும்."

"பொய்யிப்பா அது."

"பொய்யோ நெசமோ. போன பொண்ணு திரும்ப வரப்போவுதா? நீ படிக்கணும், வெளில போயி வரணும். எனுக்கு நீ ஒரே பொண்ணு."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. லாரி விஷயம் அவருக்குக் கேட்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது. அப்பாவுக்கும் பயம் என்று தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. இன்னொன்றும் சொன்னார். உன் அம்மா படப்பையில் இறங்குவார், அவரை அப்பா ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக்குக் கூட்டி வராமல் நேரே பாஸ்கர் அண்ணன் ஆபீசுக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். உன் சாமான்களை அவர்களே அங்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்களாம். அப்படியானால் உன் அம்மா இந்த வீட்டுப் படியைக்கூடப் பார்க்க மாட்டார்.

இன்று சாயங்காலம் ஜெனி அக்கா தண்ணீர் பிடிக்கக் கீழே வந்தாள். குடம் நிறைந்து வழிகிறது, அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நான் போய்க் குழாயை மூடினேன்.

"ஹேமா, நீ எழுதியாச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அன்னைக்கு நான் முழிச்சுத்தாம் கெடந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இசக்கி வாசல்ல வந்து நின்னா. தெரிஞ்சுது. மூச்சு வாங்குற சத்தம் கேட்டுது. கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். எழுப்பினா போகணுமேன்னு. கால் ரெண்டும் மரக்கட்டையாக் கெடந்துச்சுட்டி. ரெண்டு நிமிசம் நின்னிருப்பா. போயிட்டா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். "இத அவ அம்மைட்ட சொல்லிருவியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, காலையில் அப்பாவோடு படப்பைக்கு நானும் போகிறேன் என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நான் உள்ளே வந்து அம்சா புத்தகத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதே. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தாலும் இப்போது அதில்தான் கை போகிறது. வறட்சி அத்தியாயத்தைப் படிக்க முடியவில்லை. முன்னால் புரட்டினேன். அம்சா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு பக்கம், நாம் சிரித்துச் சிரித்துப் படித்தோமே, சின்ன நாத்தனார் அண்ணி பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம் பிடிப்பது. அதிலேயே அடுத்த பத்தியில் இருக்கிறது அக்கா. வாசல் கதவைச் சாத்துவது எப்போதும் அந்தச் சின்னவளின் வேலை. அந்தத் தாழ்ப்பாளின் சூட்சுமம் அவள் ஒருத்தியின் கைக்குத்தான் தெரியும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

அதை அன்றைக்கு நாம் கவனிக்கவேயில்லை. கதவைச் சாத்தியது அந்தக் குழந்தை. அண்ணி மடியில் தூங்கிய குழந்தை. பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், அவள் சாத்தியிருப்பாள். எழுதியவருக்கு யார் என்று தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் பேரை எடுத்திருக்கிறார். கதவு சாத்தப்பட்டது.

நீ சொன்ன மாதிரி அது பயம் இல்லை அக்கா. நான் சொன்ன மாதிரி தேட வைப்பதற்காக மட்டும் இல்லை என்றும் இப்போது தோன்றுகிறது. அவருக்கு அந்தச் சின்னவள் மேல் இரக்கம் இருந்திருக்கிறது. முன்னால் ஒரு பத்தியில் சொல்லிவிட்டார், அதனால் மறைக்கவும் இல்லை. தேடுகிறவர்கள் கண்டுபிடிக்கட்டும், ஆனால் கண்டுபிடிக்கும்போது அவள் குழந்தை என்பதையும் சேர்த்தே கண்டுபிடிக்கட்டும் என்று வைத்திருக்கிறார்.

பாஸ்கர் அண்ணன் சொன்ன வாக்கியத்திலும் ஆள் இல்லை. இதிலும் ஆள் இல்லை. பேரை விடும் வித்தை ஒன்றுதான். ஒன்று சின்னவளுக்குப் போர்வை. இன்னொன்று பெரியவனுக்கு. இந்த வித்தியாசத்தை எந்தப் பாடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்? யாருக்காகப் பேரை விட்டோம் என்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அதற்கு விதி இருக்கிறதா? தெரியவில்லை. நீ இருந்தால் சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்போம்.

நான் ஜெனி அக்காவின் பேரைச் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சொன்னால் பாஸ்கர் அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொள்வார். பார்த்தீர்களா, கூட இருந்தவளே எழுந்து போகவில்லை என்பார். பிறகு ஆள் குடு என்று சொன்னது யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் போனில் வெளிச்சம் வந்தது. ஜெனி அக்கா எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். காதோடு வைத்துக் கேட்டேன்.

"ஏட்டி, நாளைக்கு நானும் உன்கூடப் படப்பைக்கு வாரேன். நான் முழிச்சிருந்தத நானே அவ அம்மைட்ட சொல்லிக்கிடுதேன். நீ எனக்காவ எதையும் முழுங்க வேண்டாம். குரூப்ப பாரு."

அவர்களுடைய ஷிஃப்ட் குரூப்பில் அவள் போட்டதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "நாளைக்கு வர மாட்டேன். ஆள் குடுக்கல." அவ்வளவுதான். காரணம்கூட எழுதவில்லை. அந்தக் குரூப்பில் அப்படி ஒரு வரியை இதுவரை யாரும் எழுதியதில்லையாம். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். யாரும் பதில் போடவில்லை. பாஸ்கர் அண்ணனும் பார்த்துவிட்டார். நாளை மறுநாள் அவளுக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்கிறது. அவளுக்கும் தூக்கம் இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. நான் சொல்வதால் உன் அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? மகள் யாரிடமும் சொல்லாமல் வந்தாள் என்றால் வருத்தத்தோடு போய்விடுவார். கேட்டாள், கொடுக்கவில்லை என்றால் ராத்திரி எல்லாம் அந்த நினைப்போடு கிடப்பாரே. எது நல்லது? ஆனால் சொல்லாவிட்டால் உன் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று ஊரே அவரிடம் சொல்லும். அவரும் நம்பிவிடுவார். நீ முட்டாள் என்று உன் அம்மா நம்புவதை என்னால் தாங்க முடியாது. நீ கேட்டாய். வாய் திறந்து, தெளிவாக, அண்ணே என்று மரியாதையாகக் கேட்டாய்.

அந்த வெள்ளைத் தாள்களை அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். அவரிடம் வெள்ளையாகவே திருப்பிக் கொடுப்பேன்.

அப்பா காலையில் ஆட்டோவை எடுக்கும்போது நானும் ஏறி உட்காருவேன். இறங்கச் சொல்வார். இறங்க மாட்டேன். பக்கத்தில் ஜெனி அக்கா இருப்பாள். படப்பையில் உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரகடம் வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும். அப்பா முன்னால் ஓட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் பேச வேண்டியிருக்கும். அவர் வண்டியை நிறுத்துவாரா, ஆபீசுக்கே விடுவாரா, வீட்டுப் பக்கம் திருப்புவாரா என்று எனக்குத் தெரியாது.

என்ன சொல்வது என்று மட்டும் தெரியும். வாயில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீளமாக வைத்துக்கொண்டால் நடுவில் தடுமாறிவிடுவேன், அதனால் சின்னச் சின்னதாக வைத்திருக்கிறேன். அம்மா, இசக்கி அக்கா லீவு கேட்டாங்க. பாஸ்கர் அண்ணன் குடுக்கல. ஆள் குட்துட்டு எட்துக்கோன்னு சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தேன், என் காதால கேட்டேன்.

இதைச் சொல்லாமல் ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கீழ்வீட்டுத் தங்கச்சி,
ஹேமா